விந்துப் பரிசோதனை நார்மல், ஆனால் கரு தங்கவில்லை: டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை எங்களுக்குச் சொன்னது

என் விந்துப் பரிசோதனை அறிக்கையில் எல்லா எண்களும் நன்றாகவே இருந்தன. ஒரு மில்லிலிட்டரில் 4.8 கோடி விந்தணுக்கள், நகர்பவை 55 சதவீதம், சரியான வடிவத்தில் இருப்பவை 5 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டில் இவற்றுக்கான கீழ் எல்லைகள் 1.6 கோடி, 42, 4. அறிக்கையின் அடியில் ‘நார்மல்’ என்று எழுதி என் கோப்பை மூடிவிட்டார்கள். அதன்பிறகு என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் மனைவிக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தபோதும் கேட்கவில்லை.

கேள்விகள் எல்லாம் அவளிடம்தான் போயின. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பை ஸ்கேன், ரத்தம் உறைதல் சம்பந்தமான ஆன்டிபாடிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு ‘சரி’யும் அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை, காரணமே தெரியாமல் போகிறதே என்ற பயத்தைத்தான் கூட்டியது. ஒரு நாள் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், “ஏங்க, எல்லாத்தையும் என்கிட்டயே தேடுறாங்களே, உங்ககிட்ட பாக்க வேற எதுவுமே இல்லையா?” என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு ஆண்களுக்கான குழந்தையின்மை மருத்துவர் ஒருவரிடம் போனோம்.

அவர் என் அறிக்கையைப் படித்துவிட்டு முதலில் கேட்டது இதைத்தான்: “இதுவரைக்கும் யாராவது உங்களைத் தொட்டுப் பரிசோதிச்சாங்களா?”

“இல்லை டாக்டர். சாம்பிள் மட்டும்தான் வாங்கினாங்க.”

நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து அடிவயிற்றை முக்கச் சொல்லி, விரைப்பையைக் கையால் பார்த்தார். இடப்பக்கம் நரம்பு புடைத்திருப்பது கையிலேயே தெரிகிறது என்றார். வெரிகோசில். விரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் வீங்கிவிடுவது அது. பொதுவாக ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கும், குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேலும் இது இருக்கிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை, எனக்கும் வலி எதுவும் இருந்ததில்லை. அப்புறம்தான் டிஎன்ஏ சிதைவுப் பரிசோதனை பற்றிச் சொன்னார்.

வழக்கமான விந்துப் பரிசோதனை, விந்தணு எத்தனை இருக்கிறது, எப்படி நீந்துகிறது, வெளித்தோற்றம் எப்படி என்று பார்க்கிறது. விந்தணுவின் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏ முழுதாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. நெல்லும் பதரும் குவியலில் ஒன்று போலத்தான் தெரியும், அளந்து பார்த்தாலும் மரக்கால் கணக்குதான் கிடைக்கும். டிஎன்ஏ இழை ஆங்காங்கே அறுந்த விந்தணுவும் நன்றாக நீந்தும், முட்டையைத் துளைத்துக் கருத்தரிக்கவும் செய்யும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது.

கரு உருவான முதல் இரண்டு மூன்று நாட்கள் முட்டையில் இருக்கும் சேமிப்பிலேயே வளர்கிறது. நான்கு முதல் எட்டுச் செல்கள் ஆகும் கட்டத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள், அதாவது அப்பாவிடமிருந்து வந்தவையும் சேர்த்து, முழுமையாக வேலையைத் தொடங்குகின்றன. அதனால்தான் ஆய்வகத்தில் கருவை உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சை செய்யும் சில தம்பதிகளுக்கு மூன்றாம் நாள் வரை கரு அழகாக வளர்ந்து, ஐந்தாம் நாளைத் தொடாமல் நின்றுவிடுகிறது. இன்னும் சிலருக்குக் கரு ஒட்டிக்கொண்டு, சில வாரங்கள் வளர்ந்து, கலைகிறது. இப்படி நடந்தாலே விந்தணுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கரு கலைவதற்கு முட்டையின் குரோமோசோம் கோளாறு முதல் பல காரணங்கள் உண்டு. ஆனால் விந்தணுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுவரை தெரியாது.

விந்தணுவின் டிஎன்ஏ ஏன் அறுகிறது என்று கேட்டேன். ஒரு விந்தணு உருவாகும்போது, மிக நீளமான டிஎன்ஏவை ஒரு சின்னத் தலைக்குள் இறுக்கி அடைக்க வேண்டியிருக்கிறது. அதற்காக மற்ற செல்களில் இருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, புரோட்டமின் என்ற புரதத்தை உடல் வைக்கிறது. இந்தக் கட்டுமானம் சரியாக நடக்காவிட்டால் டிஎன்ஏ தளர்வாக, எளிதில் உடையக்கூடியதாக இருக்கும். அதன்பின் விரையிலிருந்து வெளியேறி எபிடிடிமிஸ் குழாயில் பயணம் செய்யும்போது, ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது உடலில் உருவாகும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறிப் பெருகுவது, அதைத் தாக்குகிறது. இறுதி நிலை விந்தணுவுக்குத் தன் டிஎன்ஏவைத் தானே பழுதுபார்க்கும் வசதி கிடையாது. ஓரளவு பழுதைக் கருமுட்டைதான் சரிசெய்கிறது. அந்தத் திறன் பெண்ணின் வயது கூடக்கூடக் குறைகிறது. ஒரே அளவு சிதைவு ஒரு தம்பதியைப் பாதிக்காமல் இன்னொரு தம்பதியைப் பாதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெரிகோசில், காய்ச்சல், புகைபிடித்தல், உடல் பருமன், பிறப்புறுப்புத் தொற்று, கீமோ மற்றும் கதிர்வீச்சு, ஆணின் வயது, விரைப்பைக்குத் தொடர்ந்து படும் சூடு, நீண்ட நாள் விந்து வெளியேறாமல் இருப்பது ஆகியவை எல்லாம் சிதைவைக் கூட்டக்கூடியவை.

அந்த மருத்துவர் அன்றே பரிசோதனை எடுக்க விடவில்லை. கொஞ்ச நாள் முன்பு எனக்குக் கடும் காய்ச்சல் வந்து போயிருந்தது. “இப்ப எடுத்தா காய்ச்சல் பண்ணின சேதம்தான் தெரியும், உங்க வழக்கமான நிலை தெரியாது” என்றார். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்கள் ஆகிறது. அதன் பிறகு எபிடிடிமிஸ் வழியாக வெளிவர மேலும் சில நாட்கள். ஆக, இன்று கொடுக்கும் சாம்பிள் சுமார் மூன்று மாதங்களுக்கு முன் தொடங்கிய கதையைச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் ஆண் குழந்தையின்மை சிகிச்சையில் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மருந்து சாப்பிட்டு இரண்டு வாரத்தில் மறுபரிசோதனை செய்வதில் பொருளே இல்லை.

காத்திருந்து கொடுத்தேன். சாம்பிள் கொடுக்கும் முறை வழக்கமான விந்துப் பரிசோதனை போலத்தான், நமக்குக் கூடுதல் வலியோ வேலையோ கிடையாது. ஆனால் இடைவெளியில் கவனம் வேண்டும். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சாம்பிள் கொடுப்பதற்கும் நடுவே வழக்கமாக 2 முதல் 7 நாட்கள் இடைவெளி சொல்வார்கள். நாட்கள் கூடினால் விந்தணுக்கள் எபிடிடிமிஸில் தேங்கி, சிதைவு எண்ணும் கூடும். அதனால் முதல் பரிசோதனைக்கு எத்தனை நாள் இடைவெளி விட்டோமோ, அதே இடைவெளியை அடுத்த பரிசோதனைக்கும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது.

ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தப் பரிசோதனை ஒரே பெயரில் பல முறைகளில் செய்யப்படுகிறது. எஸ்சிஎஸ்ஏ என்பது 1980-இல் டொனால்ட் ஈவன்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை. அதில் விந்தணுக்களை அமிலத்தில் வைத்து, அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏற்றி, ஆயிரக்கணக்கானவற்றை இயந்திரத்தில் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். முழு டிஎன்ஏ பச்சையாக ஒளிரும், அறுந்தது சிவப்பாக ஒளிரும். எஸ்சிடி என்ற முறையில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். டிஎன்ஏ நன்றாக இருந்தால் தலையைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் போலப் பரவும், சிதைந்திருந்தால் வட்டம் சிறிதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. டியூனல் முறை அறுந்த முனைகளில் ஒரு அடையாளத்தை ஒட்டவைத்து எண்ணுகிறது. காமெட் முறையில் மின்சாரம் செலுத்தும்போது உடைந்த துண்டுகள் வால் போல இழுபடும். நான்கும் நான்கு விதமாக அளப்பவை. ஒரு முறையில் வந்த 25 இன்னொரு முறையில் வந்த 25-க்குச் சமம் இல்லை. எனவே அறிக்கையில் எந்த முறை, அந்த லேபின் எல்லை எண் எது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். மறுபரிசோதனையை அதே லேபில் அதே முறையில் செய்யுங்கள்.

எனக்கு எஸ்சிஎஸ்ஏ செய்தார்கள். டிஎஃப்ஐ என்று போடப்படும் சிதைவு விகிதம் 38 சதவீதம். இந்த முறையில் 15-க்குக் கீழே இருந்தால் நல்லது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் அதிகம் என்று பொதுவாகப் பிரிப்பார்கள்.

அந்த எண்ணைப் பார்த்ததும் மனது கனத்துப்போனது. ஆனால் என் மனைவி அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்ல வேண்டும். தேடல் தன் உடம்பைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்ததே என்ற நிம்மதி. குழந்தைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் ஆணைப் பரிசோதிக்காமல் பெண்ணை மட்டும் துருவித் துருவிப் பார்ப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், தனியாகவோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. இது மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் ஆணைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்புகிற வழக்கம் மாற வேண்டும்.

டிஎன்ஏ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டில் ஒரு குழப்பம் வந்தது. குழந்தைக்குப் பரம்பரை நோய் வருமா என்று என் அம்மா பயந்தார். இந்தப் பரிசோதனை அதைச் சொல்வதே இல்லை. பரம்பரை நோயையும் காட்டாது, யார் அப்பா என்பதையும் காட்டாது, குரோமோசோம் அமைப்பையும் காட்டாது. டிஎன்ஏ இழை அறுந்திருக்கும் விந்தணுக்கள் நூற்றில் எத்தனை என்று மட்டும் சொல்லும். குரோமோசோம் அமைப்பைப் பார்ப்பது காரியோடைப் என்ற தனி ரத்தப் பரிசோதனை. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளுக்கு அதையும் செய்யச் சொல்வார்கள், நாங்கள் இருவரும் செய்தோம், இருவருக்கும் சரியாக இருந்தது.

அடுத்து என்ன என்பதில் மருத்துவர் அவசரப்படவில்லை. அது எனக்குப் பிடித்தது. வழிகாட்டுதல்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க யூராலஜி சங்கமும் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் கட்டப் பரிசோதனையாக இதை எல்லோருக்கும் செய்ய வேண்டாம் என்கிறது, ஆனால் திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் ஆணுக்குச் செய்யச் சொல்கிறது. ஐரோப்பிய யூராலஜி சங்கம் அதோடு காரணம் தெரியாத குழந்தையின்மையையும் சேர்த்துக்கொள்கிறது. வெரிகோசில் அறுவையிலும் இதே நிலைதான். விந்துப் பரிசோதனை எண்கள் குறைவாக இருந்தால்தான் அறுவையை யோசிக்கச் சொல்வது அமெரிக்க வழிகாட்டுதல். கரு தொடர்ந்து கலைந்து, சிதைவும் அதிகமாக இருந்தால் யோசிக்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். நாங்கள் இரண்டாவது வகைக்குள் வந்தோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கையால் தொட்டால் தெரியாமல், ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வெரிகோசிலுக்கு அறுவை செய்வதை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்கேன் தாளைக் காட்டி உடனே அறுவை என்று யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சத்து மாத்திரைகள் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் கேட்ட இடத்தில் எல்லாம் அதைத்தான் சொன்னார்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் காரணம் என்றால் ஆன்டிஆக்ஸிடன்ட் சாப்பிட்டால் சரியாகிவிட வேண்டும்தானே? ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2,300-க்கும் மேற்பட்ட தம்பதிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்தும் குழந்தை பிறக்கும் விகிதம் கூடவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களின் டிஎன்ஏ சிதைவு, சாப்பிடாதவர்களைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில் வைட்டமின் சி, வைட்டமின் இ, செலினியம் உள்ளிட்ட கலவையும் சிதைவைக் குறைக்கவில்லை. விலை உயர்ந்த டப்பாக்களைப் பை நிறைய வாங்கிவந்து நம்பிக்கையோடு விழுங்கும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதைவிட ஆபத்தானது, ‘ஆண்மை கூடும்’ என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ எடுத்துக்கொள்வது. வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தியே நின்றுபோகலாம். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் காலத்தில் அதைத் தொடவே கூடாது.

நுண்ணோக்கி உதவியோடு செய்யும் அறுவைக்கு ஒப்புக்கொண்டேன். இடுப்புக்குக் கீழே சின்ன வெட்டு, வீங்கிய சிரைகளைக் கட்டிவிட்டு, தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் விட்டுவிடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிட்டேன். சில வாரம் கனமான எதையும் தூக்கவில்லை, மற்றபடி சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அப்புறம் காத்திருப்பு. அதுதான் கடினம். மூன்று மாதம் என்பது விந்தணுவின் கணக்கு, ஒவ்வொரு மாதத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணின் கணக்கு வேறு. அந்தக் காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தோம், நான் எடையைக் கொஞ்சம் குறைத்தேன், மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்வதை விட்டேன். எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. இருப்பவர்களுக்கு முதல் வேலை அதை நிறுத்துவதுதான் என்று மருத்துவர் சொன்னார்.

மறுபரிசோதனையில் எண் 21. அதற்குப் பிறகு வந்த கரு தங்கியது. இப்போது எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். அறுவையால்தான் தங்கியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் கரு கலைந்த தம்பதிகளில் பலருக்கு எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அடுத்த கரு நன்றாக வளர்கிறது. அறுவைக்குப் பின் சிதைவு சராசரியாகக் குறைகிறது என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, அது எத்தனை பேருக்குக் குழந்தையாக மாறுகிறது என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. என் கதையைப் படித்துவிட்டு யாரும் நேரே அறுவை மேசைக்குப் போய்விடக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மனைவிக்கு வயது கூடியிருந்தால் கணக்கு முற்றிலும் மாறும். முப்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் பெண்ணுக்கு, ஆணின் எண் குறையட்டும் என்று ஆறு மாதம் காத்திருப்பதே இழப்பாகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு நேரே ஐவிஎஃப் அல்லது இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் நேரடியாக முட்டைக்குள் செலுத்துவது) செய்யலாமா, இடைவெளியைக் குறைத்துக் கொடுத்த சாம்பிளைப் பயன்படுத்தலாமா என்று பேசுவார்கள். திரும்பத் திரும்ப இக்ஸி தோற்று, சிதைவும் மிக அதிகமாக இருக்கும் சிலருக்கு, விரையிலிருந்தே ஊசி மூலம் விந்தணு எடுப்பதும் உண்டு. எபிடிடிமிஸ் பயணத்துக்கு முன்பே எடுப்பதால் அவற்றில் சிதைவு குறைவாக இருக்கிறது. அதுவும் ஒரு சிறு அறுவைதான், அதனால் கடைசிக் கட்டத்தில்தான் யோசிப்பார்கள். எதுவானாலும் இரண்டு பேரின் வயதையும் ஒரே மேசையில் வைத்துப் பேசும் மருத்துவர் வேண்டும்.

இதை அறிந்த நண்பர்கள் சிலர், கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் ஆகிறது, நாங்களும் இந்தப் பரிசோதனையை எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு வருடம் முயன்றும் கரு நிற்காவிட்டால், மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பாருங்கள். முதலில் வழக்கமான விந்துப் பரிசோதனை, அதில் குறை தெரிந்தால் சில வாரம் கழித்து இன்னொரு முறை. அதோடு ஆணுக்கும் ஒரு முழு உடல் பரிசோதனை, கையால் தொட்டுப் பார்ப்பது உட்பட. அதில் காரணம் கிடைத்துவிட்டால் டிஎன்ஏ பரிசோதனைக்கு அவசியமே வராமல் போகலாம். கரு திரும்பத் திரும்பக் கலைந்தாலோ, எல்லாம் நார்மலாக இருந்தும் காரணம் பிடிபடாவிட்டாலோ, நல்ல கருக்கள் வைத்தும் ஐவிஎஃப் தொடர்ந்து தோற்றாலோ, அப்போது கேளுங்கள். மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டாலும் நீங்களே கேட்கலாம். கேட்கப் போகும்போது கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மருந்துகள், பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.